மூப்பர் வீட்டுக் கையெழுத்து

என் கணவர் இறந்து ஐந்து மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு பெனடிக்றும் யாக்கோபுவும் என் வீட்டுக்கு வந்தார்கள். நான்கு மாடி ஏறியதில் பெனடிக்றுக்கு மூச்சு வாங்கியது. கையில் ஒரு பை தோடம்பழம். கீழே பல்லரோச் சந்தையில் வாங்கியது. என் ஜன்னல் அந்தச் சந்தையைத்தான் பார்க்கிறது. கடைக்காரனோடு அரை மணிநேரம் பேரம் பேசி, அடிபட்ட பழங்களை விலை குறைத்து வாங்கியதை நான் மேலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பெனடிக்ற் எங்கள் அந்தோனியார் சபையின் தலைவர். யாக்கோபு செயலாளர். தலைவர் பேசுவார், செயலாளர் எழுதுவார். இத்தாலியில், பலேர்மோவில் இருக்கும் எங்கள் ஆட்களின் சபைக் காரியங்கள் இப்படித்தான் இருபது வருடத்துக்கு மேலாக நடக்கின்றன.

"கத்தரீனா அக்கா, ஒரு நல்ல செய்தியோடை வந்திருக்கிறம்" என்றார் பெனடிக்ற்.

"இரும். முதலிலை மூச்சை விடும்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். என் கணவர் உட்காரும் கதிரையில். யாக்கோபு அதைக் கவனித்துவிட்டு, தான் நின்றுகொண்டே இருந்தார்.

அது மூப்பரின் கதிரை, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மன்னார்க் கரையில் எங்கள் ஊரில் கோயிலின் முதல் மரியாதை மூப்பர் வீட்டுக்கு. கொடியேற்றத்தில் முதல் கயிறு பிடிப்பதும், சொரூபத்துக்கு முன்னால் நடப்பதும், பாதர் இல்லாத நாளில் செபம் சொல்வதும் மூப்பர்தான். தகப்பனுக்குப் பிறகு மகன். ஐந்து தலைமுறையாக அது என் கணவர் மரியநாயகம் வீட்டில் இருந்தது. நாங்கள் இந்த ஊருக்கு வந்தபோது மற்றவர்கள் பெட்டியில் என்ன கொண்டு வந்தார்களோ தெரியாது. நாங்கள் இந்த மரியாதையைக் கொண்டு வந்தோம்.

இரண்டாயிரத்து ஓராம் ஆண்டு சபைக்கு ஒரு யாப்பு, அதாவது சட்டவிதிகள், எழுதினார்கள். எழுதியவர் பெனடிக்ற். ஐரோப்பாவில் ராசா ராணி உள்ள நாடுகளைப் பார்த்து எழுதியதாக அப்போது பெருமையாகச் சொன்னார். மூப்பர் ராசா மாதிரி, நிர்வாகசபை மந்திரிசபை மாதிரி. ராசா இருப்பார், ஆள மாட்டார். ஆனால் நிர்வாகசபையின் எந்தத் தீர்மானமும் மூப்பர் கையெழுத்து வைத்தால்தான் செல்லும் என்று ஒரு வரியும் இருந்தது. "அது ஒரு மரியாதைக்கு அண்ணை" என்று என் கணவரிடம் சொன்னார்கள். மரியாதைக்கு எழுதிய வரி ஒருநாள் தங்கள் காலில் இடறும் என்று அவர்கள் எண்ணவில்லை.

இரண்டு தரம் இடறியது. ஞாயிறு கூட்டத்துக்குத் தொடர்ந்து வராதவர்களைப் பதிவிலிருந்து நீக்க ஒருமுறை தீர்மானித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வராதவர்கள் யார்? படுக்கையில் கிடக்கும் இத்தாலியக் கிழவிகளுக்கு மலசலம் அள்ளும் எங்கள் பெண்கள். மூப்பர் கையெழுத்து வைக்கவில்லை. அடுத்த முறை, பெனடிக்றின் மைத்துனன் வசீகரனை உபதலைவராக்கத் தீர்மானித்தார்கள். வசீகரனின் பெண்சாதி யூலியானா அதற்கு முந்தின மாதம் உதடு கிழிந்து, ஒரு காலில் மட்டும் செருப்போடு, என் வீட்டுப் படியேறி வந்தவள். அதற்கும் மூப்பர் கையெழுத்து வைக்கவில்லை.

சரி. இப்போது பெனடிக்றின் நல்ல செய்தி.

"பழைய யாப்பின்படி ஆம்பிளைப் பிள்ளை இல்லாத வீட்டிலை இருந்து மூப்பர் பட்டம் தகப்பன்ரை சகோதரம் பக்கம் போகவேணும். அப்பிடிப் பாத்தா அது ஜேர்மனியிலை இருக்கிற உங்கடை கொழுந்தன்ரை மகனுக்குப் போகும். அந்தப் பெடியன் கோயில் பக்கமே போறேல்லை. நாங்கள் யோசிச்சம் அக்கா. சுவீடன், ஒல்லாந்து, இங்கிலாந்து எல்லா இடமும் சட்டத்தை மாத்திப்போட்டினம். ஆம்பிளையோ பொம்பிளையோ, மூத்த பிள்ளைக்குத்தான் முடி. நாங்கள் மட்டும் ஏன் பின்னுக்கு நிக்கவேணும்? உங்கடை மகள் அனிற்றாதான் அடுத்த மூப்பர்."

பட்டம் வீட்டை விட்டுப் போகப்போகிறது என்பது ஐந்து மாதமாக என் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. அதை இவர் ஒரு பை அடிபட்ட தோடம்பழத்தோடு வந்து தூக்கி எடுக்கிறார். சந்தோசம் வரவேண்டிய இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது.

"வேறை என்ன மாத்தியிருக்கு?" என்று கேட்டேன்.

"சின்னச் சின்னத் திருத்தங்கள்" என்றார் பெனடிக்ற்.

யாக்கோபு தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். "எல்லாம் இதிலை இருக்கு அக்கா. ஆறுதலா வாசியுங்கோ" என்றார். பெனடிக்ற் அவரை ஒரு பார்வை பார்த்தார். நான் அந்தப் பார்வையைப் பார்த்தேன்.

அவர்கள் போனபின் வாசித்தேன். ஒன்பதாம் பிரிவு இப்படி இருந்தது: "மூப்பர் பெண்ணாக இருக்கும் பட்சத்தில், அவரது சிரமத்தைக் கருத்திற்கொண்டு, ஒப்பமிடும் பொறுப்பு அவரது கணவரைச் சாரும். அவர் மூப்பர் துணைவர் என அழைக்கப்படுவார்."

சிரமமாம். பேனை தூக்குவது சிரமமாம். இந்த ஊரில் எங்கள் பெண்கள் ஐந்து மாடிக்குத் தண்ணீர்ப் பெட்டி தூக்குகிறார்கள், கட்டிலில் இருந்து மனிதரையே தூக்குகிறார்கள், அதெல்லாம் இந்த ஆண்களின் கண்ணுக்குச் சிரமமாகப் பட்டதில்லை. அந்த வெள்ளைக்கார ராச்சியங்களிலாவது ராணியின் புருசனை ராசா என்று கூப்பிடுவதில்லை, அவன் மேலே ஏறிவிடுவான் என்ற பயத்தில். எங்கள் பெனடிக்ற் ஒரு படி மேலே போய்விட்டார். பெயரை மனைவிக்குக் கொடுத்து, பேனையைப் புருசனிடம் கொடுத்தார்.

அந்தப் புருசன் என் மருமகன் டினேஷ். துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. கெட்டவன் இல்லை. யார் கடைசியாகத் தோளில் கை போட்டார்களோ அவர்கள் சொல்வது சரி என்று நினைக்கிறவன். சனிக்கிழமைகளில் பெனடிக்ற் வீட்டில் கடதாசி விளையாடுகிறவன். பெனடிக்றின் கை அவன் தோளில் எத்தனை சனிக்கிழமை கிடந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

அன்று பின்னேரம் அனிற்றாவும் டினேஷும் வந்தார்கள். அனிற்றாவுக்கு முப்பத்துநாலு வயது. பெர்மெஸோ என்ற வதிவிட அனுமதிக்கும் ஓய்வூதியத்துக்கும் ஆட்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் ஒரு காரியாலயத்தில் வேலை செய்கிறாள். தாளை வாங்கி நின்றபடியே வாசித்தாள்.

"உங்களுக்கு இது தெரியுமோ?" என்று புருசனைக் கேட்டாள்.

"பெனடிக்ற் அண்ணை சொன்னவர். சும்மா ஒரு கையெழுத்துத்தானே அனிற்றா."

"சும்மா எண்டா ஏன் என்னட்டை இருந்து எடுக்கினம்?"

டினேஷ் என்னைப் பார்த்தான். "மாமி, நான் என்ன கேட்டா வாங்கினனான்? உங்கடை வீட்டுக்குள்ளைதானே இருக்கப்போகுது."

"வசீகரனை உபதலைவராக்கிற தாளைக் கொண்டு வந்தா என்ன செய்வீர்?" என்று கேட்டேன்.

"அது... எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவெண்டால்..." என்று இழுத்தான்.

"வேண்டாமெண்டு சொல்லிவிடு பிள்ளை. வெறும் பானையை எங்கடை வீட்டிலை வைக்கிறதிலும் பாக்க அது ஜேர்மனிக்கே போகட்டும்" என்றேன் அனிற்றாவிடம்.

"நான் ஏன் வேண்டாமெண்டு சொல்லவேணும்? முழுசாத் தரச்சொல்லிக் கேக்கிறன்" என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அம்மா, அப்பா ரெண்டு தரம் மறிச்சதெண்டு ஊரெல்லாம் சொல்லுது. மறிச்சது ஆரெண்டு எனக்குத் தெரியும். நான் இந்த மேசையிலை இருந்துதானே படிச்சனான்."

நான் தேநீர் போட எழுந்து போய்விட்டேன்.

அவள் பார்த்திருக்கிறாள். தாள் வரும். என் கணவர் அதை ஒரு வார்த்தையும் சொல்லாமல் என் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் தள்ளி வைப்பார். நான் வாசிப்பேன். பேனையை எடுத்துத் தாளின் மேல் வைத்தால் அவர் கையெழுத்து வைப்பார். பேனையை எடுத்து அலுமாரித் தட்டில் வைத்தால் வைக்கமாட்டார். இருபத்துமூன்று வருடம் இப்படி. வெளியில் ஒரு குருவிக்கும் தெரியாது. மூப்பர் நிதானமான ஆள், மூப்பர் உறுதியான ஆள் என்று சனம் சொல்லக் கேட்டுத் தலை நிமிர்ந்து நடந்தேன். அதுதான் வீட்டு மானம் என்று நினைத்திருந்தேன்.

பொதுக்கூட்டம் சித்திரை மாதக் கடைசி ஞாயிறு, பங்கு மண்டபத்தில். அந்த இரண்டு கிழமையும் எனக்கு என் பழைய இத்தாலிய எசமானி, சிஞோறாவின் நினைவுதான். இருபத்திரண்டு வருடம் அவர் வீட்டில் வேலை செய்தேன். தன் வாழ்க்கையில் போட்ட முதல் வாக்கு ராசா வேண்டுமா வேண்டாமா என்று கேட்ட வாக்கு என்று அடிக்கடி சொல்வார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு. இந்த நாட்டுப் பெண்களுக்கு வாக்குக் கிடைத்ததே அந்த வருடம்தான். சிஞோறா ராசா வேண்டுமென்று போட்டாராம். அவர் வீட்டு வேலைக்காரி வேண்டாமென்று போட்டாளாம். ராசா நாட்டை விட்டே போய்விட்டார். "அவளுக்கு நான்தான் சப்பாத்து வாங்கிக் கொடுத்து வாக்குப்போட அனுப்பினேன்" என்று எண்பது வயதிலும் ஆத்திரப்படுவார். நான் நிலம் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

மண்டபத்தில் வழக்கம் போல ஆண்கள் கதிரைகளில் இருந்தார்கள். பெண்கள் பின்னால் குசினியில் பற்றிஸ் பொரித்துக்கொண்டிருந்தார்கள். சபையில் குடும்பத்துக்கு ஒரு அட்டை, அட்டைக்கு ஒரு வாக்கு. மொத்தம் அறுபத்தைந்து அட்டையில் அறுபத்துநாலும் ஆண்களின் சட்டைப் பையில். நான் விதவை என்பதால் என் அட்டை என் கையில் இருந்தது. போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

பெனடிக்ற் சுவீடனில் தொடங்கினார். ஒல்லாந்தைத் தொட்டு இங்கிலாந்துக்கு வந்தார். பெண்ணுரிமை என்ற சொல்லை ஏழு தரம் சொன்னார். பிறகு என் கணவரைப் புகழ ஆரம்பித்தார்.

"மூப்பர் எங்களை ரெண்டு தரம் மறிச்சவர். அப்ப எங்களுக்குக் கோபம்தான். ஆனா அது ஒரு ஆம்பிளையின்ரை நிதானம். நாலையும் யோசிச்சு, ஆற்றை முகத்தையும் பாக்காமல் எடுத்த முடிவு. அந்தப் பாரத்தை ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ரை தலையிலை வைக்கிறது ஞாயமோ? அதுதான் கையெழுத்தைத் துணைவருக்குக் குடுக்கிறம். மரியாதை முழுக்க அனிற்றாவுக்குத்தான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். டினேஷும் குனிந்தபடி ஆட்டினான். என் கணவரின் நல்ல பெயரை எடுத்து என் மகளின் கையைக் கட்டுகிறார் இந்த மனிதர். நான் வாய் திறக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். மூப்பர் வீட்டுப் பெண் தன் புருசனின் மதிப்பைச் சபையில் இறக்கமாட்டாள். அந்த நம்பிக்கையில்தான் அவர் அவ்வளவு வாயாரப் புகழ்ந்தார்.

நான் எழுந்தேன்.

"அந்த ரெண்டு தரமும் மறிச்சது நான்" என்றேன்.

குசினியில் எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது.

"என்ன சொல்லுறியள் அக்கா?" என்று கேட்டார் பெனடிக்ற்.

"தாளை வாசிச்சது நான். வேண்டாமெண்டது நான். அவர் கை மட்டும்தான் அவருடையது. ஆம்பிளையின்ரை நிதானம் எண்டு நீர் இவ்வளவு நேரமாப் புகழ்ந்தது என்னைத்தான். நன்றி."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெனடிக்றின் முகம் ஒரு கணம் வெளிறி, பிறகு மெல்ல மலர்ந்தது. "அப்ப மூப்பர் இவ்வளவு காலமும் பொம்பிளையின்ரை சொல்லைக் கேட்டுச் சும்மா இருந்தவரோ?"

"சும்மா இருக்கேல்லைத் தம்பி. தனக்குத் தெரியாததைக் கேட்டறிஞ்சவர். நீர் ஆரிட்டைக் கேட்டனீர்?"

இப்போது நிறையப் பேர் சிரித்தார்கள். ஆனால் என் காது எரிந்தது. அந்தச் சிரிப்பில் பாதி என் கணவருக்கு என்று எனக்குத் தெரியும்.

"வாக்கெடுங்கோ" என்றார் பெனடிக்ற் கடுமையாக.

"யாப்பின்படி எடுங்கோ" என்றேன் நான். "அட்டை ஆற்றை பேரிலை இருக்கோ அவைதான் வாக்குப் போட வேணும் எண்டு எழுதிக் கிடக்கு. பேரை வாசியும், யாக்கோபு."

பெனடிக்ற் கையை வீசினார். "உதெல்லாம் என்ன புதுப் பழக்கம்? வீட்டுக்காரர் போடுறதுதானே."

யாக்கோபு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதிவேட்டைத் திறந்தார். தலைவருக்குப் பயந்த மனிதர்தான். ஆனால் தன் கையால் எழுதியதை வாசிக்காமல் விடுவது அவரால் முடியாது. "அட்டை இலக்கம் ஒண்டு" என்றார். "மரியமலர்."

மரியமலரின் புருசன் பழக்கத்தில் அட்டையைத் தூக்கினார்.

"பேர் மரியமலர் எண்டு கிடக்கு" என்றார் யாக்கோபு.

அப்போதுதான் பலருக்கு உறைத்தது. இந்த ஊருக்கு முதலில் வந்தது யார்? பெண்கள். வீடு துடைக்கவும் கிழவர்களைப் பார்க்கவும் எங்களைத்தான் கூப்பிட்டார்கள். பெர்மெஸோ எங்களுக்குத்தான் முதலில் கிடைத்தது. ஆண்கள் எங்கள் தாளைக் காட்டித்தான் பின்னால் வந்து சேர்ந்தார்கள். அட்டை போடும்போது பாதர் பெர்மெஸோவைக் கொண்டு வரச் சொன்னார். யாருடைய தாள் சரியாக இருந்ததோ அவர் பெயரில் அட்டை விழுந்தது. அதன்பின் இருபத்துமூன்று வருடம் அந்த அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று எந்த ஆணும் திருப்பிப் பார்க்கவில்லை. தூக்க மட்டும் தூக்கினார்கள்.

மரியமலர் குசினியிலிருந்து மாவுக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்து, புருசனின் கையிலிருந்த அட்டையை வாங்கினாள். "விடுங்கோ, மா படுது" என்றாள்.

பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாப் பெண்களும் வீரம் காட்டினார்கள் என்று நான் பொய் எழுதமாட்டேன். சிலர் வந்து அட்டையை வாங்கி, புருசனின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் காட்டிய பக்கமே வாக்குப் போட்டார்கள். நிசாந்தி என்றொருத்தி குசினியை விட்டு வெளியே வரவே இல்லை, அந்த ஒரு வாக்கு விழவில்லை. முப்பத்தோராம் இலக்கம் யூலியானா. வசீகரன் அட்டையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்து, பைக்கு மேல் கையையும் வைத்துக்கொண்டான். யூலியானா போய் அவன் முன்னால் நின்று கையை நீட்டினாள். அறுபது குடும்பம் பார்த்துக்கொண்டிருந்தது. யாக்கோபு, "முப்பத்தொண்டு, யூலியானா" என்று இரண்டாம் தரம் வாசித்தார். மூன்றாம் தரமும் வாசித்தார். வசீகரன் அட்டையை எடுத்து அவள் கையில் கொடுக்காமல் நிலத்தில் போட்டான். அவள் குனிந்து எடுத்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் நான் அதுவரை காணாத ஒரு அலட்சியம் இருந்தது.

மூத்த பிள்ளைக்குப் பட்டம் என்ற திருத்தம் நிறைவேறியது. துணைவர் கையெழுத்து வைப்பார் என்ற பிரிவு முப்பத்தெட்டுக்கு இருபத்தாறு என்று விழுந்தது. பெனடிக்ற் இத்தாலியப் பாதருக்கு வெற்றிச் செய்தி சொல்வதற்கென்று கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தார். அதைத் தளர்த்திக்கொண்டு போய் ஒரு பற்றிஸ் எடுத்துத் தின்றார்.

பட்டம் வீட்டில் தங்கியது, முழுதாகத் தங்கியது. அதற்குக் கொடுத்த விலையை வீட்டுக்குப் போனபின்தான் உணர்ந்தேன்.

"அப்பாவை ஏன் சபையிலை இறக்கினனீங்கள்?" என்று கேட்டாள் அனிற்றா. கண் சிவந்திருந்தது. "இனி ஆயுசுக்கும் அவரைச் சொல்லிச் சிரிப்பினம்."

"உனக்காகத்தான்."

"எனக்காகச் சொல்லுறதெண்டா என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

சிரிக்கத்தான் செய்தார்கள். பெண்சாதி சொல்லுக் கேட்ட மூப்பர் என்று சந்தையிலேயே என் காதில் விழச் சொன்னார்கள். சொன்னவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவனாவது தன் வாழ்நாளில் பெண்சாதியிடம் ஒரு நல்ல சொல் கேட்டிருந்தால் இன்று உருப்பட்டிருப்பான். நான் கழுத்தைத் திருப்பவில்லை. என் கணவர் என்னிடம் கேட்டார் என்பதில் இப்போது எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அதை மூடி வைத்ததில்தான் கொஞ்சம் இருக்கிறது.

ஆனி மாதம் கொடியேற்றம். அனிற்றா முதல் கயிறு பிடித்தாள். நன்றாகத்தான் பிடித்தாள். அதற்கு அடுத்த கிழமை பெனடிக்ற் ஒரு தாளோடு படியேறி வந்தார். உபதலைவர் பதவிக்கு வசீகரன். தோற்றும் புத்தி வராத மனிதர். அனிற்றா அன்று என் வீட்டில் இருந்தாள். பெனடிக்றை வாசலில் நிற்க வைத்துவிட்டு, தாளோடு மேசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

நான் கையை நீட்டினேன். என் கை தானாகவே நீண்டது.

"நான் வாசிக்கிறன் அம்மா" என்றாள். தலையைத் தூக்கவில்லை. தாளையும் என் பக்கம் தள்ளவில்லை.

வாசித்து முடித்துவிட்டு அவள் பேனையைத் தேடவில்லை. போனை எடுத்தாள். "யூலியானா அக்கா, நான் அனிற்றா. ஒரு தாள் வந்திருக்கு. உங்களைக் கேக்காமல் நான் முடிவெடுக்கேலாது. இப்ப ஆறுதலாக் கதைக்கலாமோ?"

எனக்கு அது தோன்றியதில்லை. முன்பு இதே தீர்மானத்தை மறித்தபோது யூலியானாவிடம் நான் ஒரு சொல் கேட்கவில்லை. அவளுக்கு எது நல்லது என்று எனக்கே தெரியும் என்று நினைத்தேன்.

மறுமுனையில் யூலியானா நெடுநேரம் பேசினாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அனிற்றா ஓம், ஓம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் பெனடிக்ற் கால் மாற்றி நின்றார்.

"அக்கா, கொஞ்சம் கெதியாச் சொல்லுங்கோவன். உங்கடை முடிவென்ன?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்னட்டை ஏன் கேக்கிறீர்? மூப்பர் உள்ளை கதைச்சுக்கொண்டிருக்கிறா. முடியுமட்டும் நில்லும்" என்றேன்.

அவருக்கு ஒரு கதிரைகூட நான் எடுத்துப் போடவில்லை.